முதுகு காட்டிய பொம்மை

பம்பாய் மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் இருந்த திருவேங்கடத்தின் புடவைக் கடைக்கு அந்த வருஷம் கண்ணாடி ஷோகேஸ் வந்தது. கூடவே மூன்று பொம்மைகளும் வந்தன. ஆளுயரம், ரோஜாப்பூ நிறம், சிவந்த உதடு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

எல்லாம் வந்தது, பொம்மைக்குப் புடவை கட்டிவிடுகிற ஆள் மட்டும் வரவில்லை. தாதரிலிருந்து வருவதாகச் சொன்னவன் கடைசி நேரத்தில் வேறொரு பெரிய கடைக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை நவராத்திரி ஆரம்பம். அன்று காலை பத்து மணிக்குப் பூஜை போட்டு ஷோகேஸின் திரையை விலக்குவதாக முதலாளி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இன்றைக்கோ புதன்.

"ஆறு பேரு இருக்கீங்க. வருஷக்கணக்கா புடவையிலதான் சோறு திங்கறீங்க. ஒருத்தனுக்குமாய்யா கட்டிவிடத் தெரியாது? போலோ!" என்றார் திருவேங்கடம்.

கவுண்டரில் நின்ற நால்வரும் தரையைப் பார்த்தார்கள். கிடங்கு வேலை பார்க்கிற வெயிலுமுத்து, "எனக்குக் கல்யாணமே ஆகலை முதலாளி" என்று சொல்லி, தலையில் இருந்த கட்டோடு நழுவப் பார்த்தான்.

"நான் கட்டுதேன் முதலாளி."

சொன்னவன் நம்பிராஜன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

நம்பிராஜனும் கிடங்கு ஆள்தான். ஆறு வருஷமாகக் கட்டுப் பிரிப்பதும் அடுக்குவதும் தூக்குவதுமாக, கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் காலம் போயிற்று. இப்போது அந்தக் கிடங்கையே தொலைவில் இருக்கிற பாண்டுப்புக்கு மாற்றுகிறார்கள். திங்கட்கிழமை லாரி போகிறது. கூட ஓர் ஆள் போய் அங்கேயே தங்க வேண்டும். பகலில் வேலை, ராத்திரி காவல், வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. அந்த ஆள் நம்பிராஜன் என்று முதலாளி போன வாரமே முடிவு செய்துவிட்டார்.

தாராவியில் ஒற்றை அறையில் அவன் மனைவி சொர்ணம் இருக்கிறாள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்தியில் அவளுக்குத் தெரிந்தது 'பானி', 'நஹி' என்று இரண்டே வார்த்தை. அவளை வாரத்தில் ஆறு நாள் தனியே விட்டுவிட்டுப் பாண்டுப்பில் போய் எப்படிப் படுப்பது? ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் இருந்தவன் வாய்தான், அவனைக் கேட்காமலே பேசிவிட்டது.

திருவேங்கடம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கட்டிடுவியா? சரி. நல்லா வந்துச்சுன்னா திங்கக்கிழமையிலேருந்து கவுண்டர்ல நில்லு. வேற ஆளைப் பாண்டுப்புக்கு அனுப்பறேன். வரலேன்னா மூச்சுக் காட்டாம லாரி ஏறணும். சலோ!"

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக நம்பிராஜன் கேட்டான்.

"ஏட்டி, சேலை எப்படிக் கட்டுறது?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சொர்ணம் ஊதுகுழலோடு திரும்பினாள். "யாருக்கு?"

"பொம்மைக்கு."

"எந்தப் பொம்மைக்கு?" என்று கேட்டபோது ஊதுகுழல் கையில் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னான். பாண்டுப் என்ற பேச்சு வந்ததும் அவள் முகம் சுருங்கியது. கவுண்டர் என்றதும் மலர்ந்தது. பிறகு, தன் புருஷன் ஒரு பொம்மைக்குக் கொசுவம் வைக்கிற காட்சி கண்முன் வந்துவிட்டது போலிருக்கிறது, தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

பக்கத்து அறைக்கும் இவர்களுக்கும் நடுவே தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. "என்ன புள்ள, அப்படி ஒரு சிரிப்பு?" என்று பீவியின் குரல் கேட்டது. பீவி சயானில் ஒரு டெய்லர் கடைக்கு உள்பாவாடை தைத்துக் கொடுக்கிறவள்.

"ஒண்ணுமில்லக்கா! எங்க வீட்டுல ஒரு ஆளுக்குச் சேலை கட்டிப் பழகணுமாம்!"

"என்ன கலர் புடிக்குமாம்?"

"ஏட்டி, மானத்தை வாங்காத" என்று நம்பிராஜன் பல்லைக் கடித்தான்.

அறையின் நடுவே கூரையைத் தாங்கிய மரக்கால் ஒன்று இருந்தது. அதுதான் பொம்மை. சொர்ணம் தன் மாற்றுச் சேலையை எடுத்து, ஒரு முனையைச் சின்னச் சின்ன மடிப்பாகக் கொசுவினாள். கொசுவத்தின் தலையை ஒரு சாண் வெளியே விட்டு மரக்காலின் பின்பக்கம் வைத்துப் பிடித்தாள். மீதிச் சேலையை முன்புறமாக இழுத்துச் சுற்றிக்கொண்டு வந்து, கொசுவத்தின் மேலேயே இறுக்கினாள். இன்னொரு சுற்று. அப்புறம் முந்தியைக் குறுக்கே ஏற்றி, இடது தோளுக்குப் பின்னால் போட்டு, மறுபடி முன்னால் இழுத்து இடுப்பில் ஒரு சொருகு. கடைசியில் வெளியே நின்ற கொசுவத் தலையை விரித்துவிட்டாள். பின்னால் விசிறி விரிந்த மாதிரி நின்றது.

"இம்புட்டுத்தான். நீங்க கட்டுங்க பாப்போம்."

முதல் தடவை சேலை அவன் காலைச் சுற்றியது. இரண்டாம் தடவை மரக்காலோடு அவனையும் சேர்த்துக் கட்டியது. ஏழாவது தடவையில் கொசுவம் விசிறி மாதிரியே விரிந்தது. சொர்ணம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எங்க அம்மை கட்டுன மாதிரியே இருக்கு" என்றாள். அதற்கு மேல் ஒரு சான்றிதழ் வேண்டுமா? நம்பிராஜன் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

வியாழக்கிழமை மதியம் முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மூன்று பொம்மைகளுக்கும் கட்டி முடித்தான். இரண்டுக்கு நைலான் புடவை. நடுவில் நின்றதற்கு அரக்குப் பட்டு. நைலான் வழுக்கிக்கொண்டே போனதால் ஊசி குத்திச் சமாளித்தான். நான்கு மணிக்குத் திருவேங்கடம் வந்து திரையை ஒதுக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னய்யா இது?"

"சேலை, முதலாளி."

"அது தெரியுது. இவ எங்கே போறா? வயல்ல களை புடுங்கவா?"

கவுண்டரில் சிரிப்பு வெடித்தது. நம்பிராஜன் அப்போதுதான் வாசல் பக்கம் போய் நின்று பார்த்தான். கொசுவமெல்லாம் பின்னால், சுவர்ப் பக்கம். தெருவுக்குத் தெரிந்ததோ, தலையணைக்கு உறை போட்ட மாதிரி மொழுக்கென்று ஒரு முன்பக்கம். முந்தியும் இடுப்பில் சொருகிக் கிடந்தது. அவன் பார்க்கப் பார்க்க, வலது ஓரத்துப் பொம்மையின் நைலான் புடவை ஊசியைப் பிய்த்துக்கொண்டு சரசரவென்று இறங்கித் தரையில் விழுந்தது.

"இது பம்பாய்! முன்னால கொசுவம் வச்சு, ஸ்டைலா இருக்கணும்" என்று திருவேங்கடம் கத்தினார். "நாளைக்குப் பத்து மணி. அதுவரைக்கும் டைம். இல்லேன்னா லாரி."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நம்பிராஜனுக்கு உள்ளே கொதித்தது. கொதித்ததை அவன் சொர்ணத்தின் மேல் கொட்டினான்.

"தப்பாச் சொல்லிக் குடுத்து என்னைய நாலு பேருக்கு முன்னால சிரிக்க வச்சிட்ட! களை புடுங்கப் போறாளான்னு கேக்காரு!"

"எது தப்பு?" சொர்ணம் எழுந்து நின்றாள். "எங்க அம்மை கட்டுனா, நான் கட்டுதேன். எங்க ஊர்ல அப்படித்தான். நீங்க ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கீய. இங்கத்திப் பொம்பளைக எப்படிக் கட்டுதாவன்னு ஒருநாளும் பார்த்ததில்லையா?"

"பார்த்தா நீ சும்மா விட்ருவியா?"

சாதாரண நாளாக இருந்தால் இதற்கு இருவரும் சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சொர்ணம் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து அறையில் மிஷின் நின்றது. கிசுகிசுவென்று பேச்சு; பிறகு பீவியின் குரல் மட்டும் உரக்க.

"அடி கூறுகெட்டவளே, பாவாடை இல்லாம நைலான் எப்படி நிக்கும்? பருத்திச் சேலை மாதிரி அது உடம்பைப் புடிச்சுக்கிடாது. நாடாவை இறுக்கிக் கட்டி, அதுல சொருகணும்... ம், ஒரு சுத்து வா. இப்ப முந்தியைத் தோள்ல போட்டு அளவு பாரு. மிச்சம் இருக்குதுல்ல, அதை விரல்ல மடி. ஏழு மடிப்பு. எல்லா மடிப்பும் ஒரே பக்கம் பார்க்கணும். பம்பாய்க்கு வந்த புதுசுல நானும் ஒன்னைய மாதிரித்தான் முழிச்சேன்."

கொஞ்ச நேரத்தில் சொர்ணம் திரும்பி வந்தாள். கையில் இரண்டு புதுப் பாவாடைகள்.

"நாளைக்கு டெய்லருக்குக் குடுக்க வேண்டியது. மிஷின் பெல்ட்டு அறுந்துபோச்சுன்னு சொல்லிக்கிடுதேன், கொண்டு போன்னு குடுத்துட்டாக. ரெண்டுதான் இருக்கு. காலையில நானும் கடைக்கு வாரேன்."

நம்பிராஜன் வாயைத் திறந்தான். 'நீ எதுக்கு?' என்று கேட்கத்தான் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

காலை எட்டு மணிக்கு இருவரும் கடைக்கு வந்தார்கள். ரயில் பாதைக்கு மேலே பாலத்தைக் கடக்கும்போது சொர்ணம் அவன் சட்டைக் கையைப் பிடித்தவள், கடை வாசலில்தான் விட்டாள். ஆனால் திரைக்குப் பின்னால் போய்ப் பொம்மைகளைப் பார்த்ததும் அந்தப் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. "ஆத்தாடி, என்ன செவப்பு" என்று ஒரு பொம்மையின் கன்னத்தைத் தடவினாள். பிறகு முந்தியை இழுத்துச் சொருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

பாவாடை, நாடா, ஒரு சுற்று, முந்தி அளவு, ஏழு மடிப்பு. அவள் கொசுவத்தைப் பிடிக்க, நம்பிராஜன் கீழே உட்கார்ந்து கரையைச் சமன் பார்த்து இழுத்துவிட்டான். முதல் நைலான் சரியாக வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டாவதை முடிக்கும்போது கடிகாரம் பத்துக்கு ஏழு நிமிஷம் காட்டியது.

நடுவில் அரக்குப் பட்டு அப்படியே நின்றது: நேற்று அவன் கட்டியது, பின்கொசுவம், மொழுக்கென்ற முன்பக்கம். மூன்றாவது பாவாடை இல்லை. நேரமும் இல்லை.

"போச்சு" என்று நம்பிராஜன் தலையில் கைவைத்தான். "இதை எடுத்து உள்ள போட்டுரலாமா?"

"இருங்க." சொர்ணம் வெளியே ஓடித் தெருவில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து பொம்மையின் பின்னால் போய்ப் பார்த்தாள். "இது பட்டு. பாவாடை இல்லாமலே நிக்கும். நம்ம கட்டுக்குப் பாவாடையும் வேண்டாம். ஏங்க, இந்தச் சேலைக்கு அழகே முந்திதான? பாருங்க, மயில் மயிலா நெய்ஞ்சிருக்கான். அதைக் கொண்டுபோய்ச் சொவத்துக்குக் காட்டுனா சொவரா வாங்கப் போவுது?"

சொருகியிருந்த முந்தியை உருவினாள். "சோலிக்குப் போறவதான் சொருகணும். கோயிலுக்குப் போறவ தொங்கவிடணும்." மயில் முந்தி பொம்மையின் முதுகில் நீளமாக விழுந்தது. அதன் பக்கத்தில் விசிறிக் கொசுவத்தை நீவி விரித்தாள். "ம், தூக்குங்க. திருப்புங்க."

"முதுகைக் காட்டியா நிறுத்தச் சொல்லுத?"

"திருப்புங்கன்னா!"

திருப்பினான். பொம்மை சுவருக்கு முகமும் தெருவுக்கு முதுகுமாக நின்றது. சொர்ணம் பின்கதவு வழியாக வெளியேறி, வாசலில் பூக்காரி பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

பத்து மணிக்குக் கற்பூரம் ஏற்றித் திரையை விலக்கினார்கள். தெருவில் இருபது பேர் கூடியிருந்தார்கள். திருவேங்கடம் இடது பொம்மையைப் பார்த்தார்; தலையாட்டினார். வலது பொம்மையைப் பார்த்தார், புன்னகைத்தார். நடுவில் பார்த்தவர் முகத்தில் கற்பூரம் அணைந்த மாதிரி ஆயிற்று.

"நவராத்திரியும் அதுவுமா, வர்றவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது! அபசகுனம்! நம்பிராஜா! எடுடா அதை!"

நம்பிராஜன் ஷோகேஸுக்குள் ஏறினான். கண்ணாடிக்கு அப்பால், பூக்கூடைகளுக்கு நடுவே சொர்ணத்தின் முகம் தெரிந்தது. அவள் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'போகட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்' என்று மனசுக்குள் அவளுக்குச் சொல்லிக்கொண்டு பொம்மையின் இடுப்பில் கை வைத்தான்.

"ஏய், அதைத் தொடாதே கேட்டயா! அப்படியே இருக்கட்டும்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தவள் பாகீரதி மாமி. பாலக்காட்டுக்காரி, பக்கத்துத் தெருவில் இருக்கிறவள். மாமி வந்தால் கவுண்டர்க்காரர்களுக்கு இடுப்பு ஒடியும். போன வாரம் மூன்று மணி நேரம் அலமாரியைக் காலி செய்ய வைத்துவிட்டு, 'ஒண்ணும் மனசுக்குப் பிடிக்கலை' என்று எழுந்து போனவள்.

மாமி கண்ணாடியில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்று மயில்களைப் பார்த்தாள். "இந்தப் புடவையைப் போன வாரம் எனக்குக் காட்டினேளா?"

"காட்டினோமே மாமி. நீங்கதான் வேண்டாம்னு..." என்று திருவேங்கடம் இழுத்தார்.

"மடியில விரிச்சுக் காட்டினேள். மடியில விரிச்சா என்ன தெரியும்? இப்போன்னா தெரியறது!" மாமி கூட்டத்துப் பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கோ. கோயில்ல நிக்கறச்சே பின்னால நிக்கறவா எதைப் பார்க்கறா? நம்ம மூஞ்சியையா? தலைப்பைத்தானே! என் தலைப்பு பின்னால எப்படித் தொங்கறதுன்னு இத்தனை வருஷத்துல எந்தக் கடைக்காரராவது எனக்குக் காட்டியிருக்காரா?"

பெண்கள் சிரித்தார்கள். ஒரு மராத்திக்காரி கண்ணாடியைத் தட்டி, விசிறிக் கொசுவத்தைத் தன் தோழிக்குக் காட்டி என்னவோ சொன்னாள். வலது ஓரத்துப் புடவைக்கும் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று இன்னொருத்தி கேட்டாள்.

"பெண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அந்த மயிலை எடுத்துக் கட்டுங்கோ" என்றாள் மாமி.

"உள்ள வேற பீஸ் இருக்கு மாமி, அதே டிசைன்..."

"சரி, அதே மாதிரி இருக்கணும். ஒரு மயில் குறைஞ்சாலும் திருப்பிக் கொண்டுவருவேன்."

மாமி உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்ததும் திருவேங்கடம் ஷோகேஸ் பக்கம் வந்தார். கோபம் போன இடத்தில் இன்னும் சிரிப்பு வந்து உட்காரவில்லை. முகம் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"இதைத் திருப்பி வைக்கலாம்னு எப்படிடா உனக்குத் தோணிச்சு?"

'எனக்குத் தோணிச்சு' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். கவுண்டரே காது கொடுத்துக்கொண்டிருந்தது. நம்பிராஜன் ஷோகேஸிலிருந்து கீழே குதித்தான்.

"எனக்குத் தோணல முதலாளி. எங்க வீட்டுக்காரிக்குத் தோணுச்சு. முன்கொசுவம் வச்சதும் அவதான். பாவாடை குடுத்தது பக்கத்து வீட்டு பீவி அக்கா. நான் கரையைப் புடிச்சேன், பொம்மையைத் தூக்குனேன். அவ்வளவுதான்."

"அப்ப பொம்பளை சொல்லித்தான் கட்டினியா?" என்று கவுண்டரில் ஒருவன் இழுத்தான்.

"சேலையை வேற யாருகிட்டடே கேக்கணும்? ஒங்க அப்பன்கிட்டயா?" என்றான் வெயிலுமுத்து. அவன்தான் முதலில் சிரித்தான், பிறகு எல்லாரும்.

"எங்கே அவங்க?" என்றார் திருவேங்கடம்.

சொர்ணம் பூக்காரிக்குப் பின்னால் பதுங்கப் பார்த்தாள். முதலாளியே வாசலுக்கு வந்துவிட்டார். "உள்ள வாம்மா. பூஜைத் தாம்பூலம் வாங்கிக்கோ. முதல் தாம்பூலம் உனக்குத்தான்." அவள் குனிந்த தலை நிமிராமல் வெற்றிலையையும் பூவையும் வாங்கிக்கொண்டாள். திருவேங்கடம் நம்பிராஜனிடம் திரும்பினார். "திங்கக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வா. கவுண்டர்ல அழுக்குச் சட்டை ஆகாது. பாண்டுப்புக்கு..."

"நான் போறேன் முதலாளி" என்றான் வெயிலுமுத்து. "எனக்கென்ன, இங்க படுத்தாலும் கொசு, அங்க படுத்தாலும் கொசு. அங்க தனி ரூமாவது கிடைக்கும்லா."

நம்பிராஜன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "விடுடே, வேர்வை" என்று வெயிலுமுத்து கையை உருவிக்கொண்டான்.

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பியதும் நம்பிராஜன் தன் வீட்டுக்குள் நுழையவில்லை. பீவியின் வாசலில் போய் நின்றான். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒங்க பாவாடைதான் எங்களைக் காப்பாத்துச்சு. ஆனா விஜயதசமி வரைக்கும் பொம்மை கழட்டாது போலருக்கு."

"கட்டிக்கிடட்டும், பாவம். எத்தனை நாளைக்குத்தான் அதுகளும் வெறும் உடம்போட நிக்கும்?" என்ற பீவி, மிஷினை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "எனக்கு நன்றி சொல்ல வந்தது இருக்கட்டும். நேத்து சொவத்தைப் பார்த்து உக்காந்திருந்தியே, அந்தக் கணக்கை முதல்ல தீரு. அவ இங்க வந்து ஏழு மடிப்பு மடிக்கதுக்குள்ள எத்தனை தடவை கண்ணைத் தொடச்சா தெரியுமா?"

நம்பிராஜனுக்குத் தெரியாது. தடுப்புக்கு அப்பால் அந்த நேரத்தில் அவன் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குள் சொர்ணம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையில் பூஜைப் பூ. அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஏட்டி."

"ம்."

"நேத்து நான் பேசுனது தப்பு. நீ சொல்லிக் குடுத்ததுல ஒரு தப்பும் இல்ல. நீ இல்லாட்டி நான் திங்கக்கிழமை லாரியில ஏறியிருப்பேன். உன்னைய இங்க விட்டுட்டு..." அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தான். "நீ நல்லா இருக்கணும்."

சொர்ணத்தின் கை அரிசியிலேயே நின்றது. கல்யாணமாகி இந்த எட்டு மாதத்தில் அவன் இப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. அவர்கள் ஊரில் எந்தப் புருஷனும் பேசி அவள் கேட்டதில்லை. கண் கலங்கியதை மறைக்க வாய்க்குக் கிடைத்ததைச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருப்பேன். கவுண்டர்ல நின்னு வாரவளுக்கெல்லாம் எப்படிக் கட்டியிருக்கான்னு பார்த்துக்கிட்டு நின்னீயளோ, அப்ப இருக்கு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பீவி சிரிப்பது கேட்டது.

திங்கட்கிழமை காலை வெயிலுமுத்து லாரியின் மேலே கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ராஜா மாதிரி கையசைத்துக்கொண்டு பாண்டுப்புக்குப் போனான். நம்பிராஜன் வெள்ளைச் சட்டையோடு கவுண்டருக்குப் பின்னால் நின்றான். முதல் வாடிக்கையாக வந்தவள், வெள்ளிக்கிழமை கண்ணாடியைத் தட்டிய அந்த மராத்திக்காரி. பச்சைப் புடவை ஒன்றைக் காட்டச் சொன்னாள். அவன் விரித்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

நம்பிராஜன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு புடவையை எடுத்துத் தன் இடுப்பிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, முந்தானையை இடது தோளில் போட்டு, கடை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"அச்சா ஹை" என்றாள் அவள். "பாந்தோ."

பிடித்திருக்கிறதாம், பொட்டலம் கட்டச் சொல்கிறாள். நம்பிராஜன் சுவரைப் பார்த்தபடி, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு சொர்ணம் தனியாகப் பாலம் ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்ததும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.